பொண்ணுங்களுக்கு கோவம் யாருக்காக வரலாம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருஷா வருஷம் காலேஜ்ல முதல் வருஷப் பிள்ளைங்களுக்கு கோவத்தப் பத்தி ஒரு வகுப்பு எடுக்கறேன், பதினாறு வருஷமா. வகுப்பு முடிஞ்சு வராண்டாவுல புடிச்சு நிறுத்தி கேட்கறவங்க, ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் போடறவங்க, பேரன்ட்ஸ் மீட்டிங்ல தனியா கூப்புட்டு கேட்கற அம்மாக்கள், எல்லாரும் கேட்டதுல திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள இங்க போட்டிருக்கேன். சிலதுக்கு நீளமா பதில் இருக்கும், சிலதுக்கு ரெண்டு வரிதான்.

மேம், கோவமும் ஆக்ரோஷமும் ஒண்ணா?

இல்லம்மா. கோவம் உள்ள வர்றது, ஆக்ரோஷம் வெளிய செய்யறது, அடுத்தவங்களுக்கு வலிக்கணும்னு செய்யறது. அடிக்கறது, திட்டறது மட்டும்தான் அந்த லிஸ்ட்ல வரும்னு நினைக்கறோம். ஒருத்தி காதுல விழற மாதிரியே அவளப் பத்தி பேசறது, கூட்டத்துலேர்ந்து ஒதுக்கறது, மூணு நாள் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு பேசாம இருக்கறது, பாத்திரத்த டொம்மு டொம்முன்னு வைக்கறது, இதெல்லாமும் அதுதான். நம்ம வீடுகள்ல இத யாரும் சண்டைன்னு கணக்கு வைக்கறதில்ல, அதனால பொண்ணுங்க சண்டையே போடலைன்னு ஒரு நினைப்பு.

பொண்ணுங்களுக்கு இயற்கையிலயே இதெல்லாம் கம்மிதானே?

கை நீட்டி அடிக்கறதுல பசங்கதான் ஜாஸ்தி, அளந்து பாத்த கிட்டத்தட்ட எல்லா ஊர்லயும் அப்படித்தான் வந்திருக்கு, அத மறைக்க வேண்டியதில்ல. ஆனா அதுக்கு மேல நாம சொல்லிக்கற கதையெல்லாம் அவ்வளவு உறுதியா நிக்கல. 1988-ல பின்லாந்துல பதினொண்ணு பன்னெண்டு வயசுப் பிள்ளைங்கள வச்சு லாகர்ஸ்பெட்ஸ், பியோர்க்விஸ்ட்னு ரெண்டு பேரும் கூட ஒருத்தரும் ஒரு ஆய்வு பண்ணாங்க, பசங்க நேரடியா மோதறாங்க, பொண்ணுங்க மறைமுகமா குத்தறாங்க, அதாவது பேச்ச பரப்பறது, ஃப்ரெண்ட்ஷிப்ப வெட்டி விடறதுன்னு வந்துச்சு. அதுலேர்ந்து பொண்ணுன்னாலே புறணிதான்னு உலகமே பேச ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் 2008-ல 148 ஆய்வுகள ஒண்ணா சேத்து அலசிப் பாத்தப்போ, நேரடியா அடிக்கறதுல பசங்க முன்னாடி நிக்கறது உண்மைதான், ஆனா மறைமுகமா குத்தறதுல ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த வித்தியாசம் ஒண்ணுமே இல்லைங்கற அளவுக்கு சின்னது. பசங்களும் அதே அளவு புறணி பேசறாங்க, அதுக்கு பேரு மட்டும் புறணி இல்ல.

எனக்கு முக்கியமா பட்ட விஷயம் வேற. ஆன் கேம்பெல்னு பிரிட்டன் சைக்காலஜிஸ்ட், ஆணும் பெண்ணும் தான் போட்ட சண்டைய எப்படி சொல்றாங்கன்னு கவனிச்சாங்க. நிலைமைய கைக்குள்ள கொண்டு வந்தேன்ங்கற மாதிரி ஆம்பளைங்க சொல்றாங்க, நான் என் கட்டுப்பாட்டுலயே இல்லைங்கற மாதிரி பொம்பளைங்க சொல்றாங்க. இதப் படிச்சுட்டு என் வகுப்புல கடைசியா எப்ப கத்துனீங்கன்னு கேட்டேன். முப்பத்தெட்டு பொண்ணுங்க, பாதிக்கு மேல ஒரே வார்த்தை, "என்னையும் மீறி வந்துருச்சு மேம்." சொல்லும்போதே தலை குனிஞ்சிருச்சு. ஒருத்தி மட்டும்தான் "அவன் செஞ்சது தப்பு, அதான் கத்துனேன்"னு சொன்னா, மத்த பிள்ளைங்க அவளத் திரும்பிப் பாத்தாங்க.

வேற ஊர்ல பொண்ணுங்க வேற மாதிரி இருக்காங்களா என்ன?

ரொம்பவே. ஆஸ்திரேலியாவோட வடக்குப் பகுதியில ஆர்னெம் லேண்ட்ல பழங்குடி மக்கள் ஊர் ஒண்ணுல விக்டோரியா பர்பேங்க்னு ஒரு மானிடவியலாளர் தங்கி எழுதியிருக்காங்க, அங்க பொம்பளைங்க தெருவுல இறங்கி கையாலயும் கம்பாலயும் சண்டை போடுவாங்க, பெரும்பாலும் இன்னொரு பொம்பளையோட, சுத்தி சொந்தக்காரங்க நின்னு எல்லை மீறாம பாத்துப்பாங்க. இதுல கவனிக்க வேண்டியது, சண்டை போட்டதால அவ பெண்மை கெட்டுப்போச்சுன்னு அங்க யாரும் நினைக்கல, கோவம் வந்தது அடிச்சா அவ்வளவுதான்.

அதுக்கு நேர் எதிர்ப் பக்கம் கனடாவோட வடக்கு ஓரத்துல இருக்கற உட்கு இனுயிட் மக்கள். 1960-கள்ல ஜீன் பிரிக்ஸ்னு ஒரு இளம் ஆராய்ச்சியாளர் அங்க ஒரு குடும்பத்துல மகளா தத்துப்போயி கூட இருந்தாங்க. அங்க பெரியவங்க யாருமே, ஆணா பெண்ணாங்கற பேச்சே இல்ல, கோவத்த காட்ட மாட்டாங்க. கோவம் சின்னப் பிள்ளைங்க வேலை. வெளியூர்லேர்ந்து மீன் புடிக்க வந்த வெள்ளைக்காரங்க ஊர்க்காரங்களோட படகு ஒண்ண இரவல் வாங்கி ஒடச்சிட்டு இன்னொண்ணையும் கேட்டப்போ, பிரிக்ஸ் பொறுக்க முடியாம ஊர்க்காரங்களுக்காகத்தான் அந்த ஆளுங்ககிட்ட கடுமையா பேசிட்டாங்க. அதுக்கப்புறம் அந்த ஊரே இவங்கள மாசக்கணக்குல ஒதுக்கி வச்சிருச்சு. திட்டல, சண்டைக்கு வரல, பக்கத்துல வர்றத நிறுத்திட்டாங்க. நம்ம ஊரா இருந்தா நமக்காகப் பேசுன புள்ளைன்னு தலையில தூக்கி வச்சிருப்போம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம்னா மணிப்பூர பாருங்க. 1939 டிசம்பர் 12-ஆம் தேதி இம்பால்ல அரிசி விலை ஏறிக் கெடக்க, வெளியூருக்கு அரிசி ஏத்துமதி பண்றத நிறுத்தச் சொல்லி ஆயிரக்கணக்கான பொம்பளைங்க அதிகாரிய முற்றுகை போட்டாங்க, படை வந்து துப்பாக்கிக் கத்தியால குத்துச்சு, காயப்பட்டும் நகரல. "நூபி லான்"னு பேரு, பெண்கள் போர்னு அர்த்தம், 1904-லயே ஒரு தடவை நடந்திருக்கு. இன்னிக்கும் டிசம்பர் 12-ஐ அங்க நினைவு நாளா வைக்கறாங்க. பொம்பளைங்களே நடத்தற பெரிய மார்க்கெட் இருக்கு, ராத்திரி தீப்பந்தத்தோட ரோந்து போற மெய்ரா பைபி அம்மாக்கள் இருக்காங்க. அங்க பொறக்கற பொண்ணுக்கு பாட்டி கத்துனது ஒரு பெருமை. வீட்டுக்குள்ள அங்கயும் பிரச்சனை இல்லாம இல்ல, ஆனா தெருவுல குரல் உயர்த்தற பொம்பளைன்னா அவ மனசுல முதல்ல வர்ற படம் வேற, நம்ம பிள்ளைங்க மனசுல வர்ற படம் வேற.

நம்ம ஊர்ல பொண்ணுன்னா அடங்கி இருக்கணும், அதானே நம்ம கலாச்சாரம்?

பாதிதான் சரி, மீதிப் பாதியில தான் விஷயமே இருக்கு. அச்சம் நாணம் மடம் மூணும் பொண்ணுக்கு உரியதுன்னு தொல்காப்பியத்துலயே இருக்கு, பயிர்ப்பு பின்னாடி வந்து சேந்துச்சு, ஔவையார் சொன்ன "ஆறுவது சினம்" ஒண்ணாங்கிளாஸ்லயே மனப்பாடம். இதெல்லாம் சொல்லி சொல்லி வளத்த அதே ஊர்ல தான் எல்லைக்கு எல்லை கோவமான பொம்பளை சாமி. காளி, அங்காளம்மன், பேச்சியம்மன், கையில சூலம், கால்ல அசுரன். அடங்கவே கூடாதுன்னு கும்பிடற பிடாரிய கோயில்ல வச்சுட்டு, வீட்டுல எதித்துப் பேசற பொண்ண "அடங்காப்பிடாரி"ன்னு திட்டறோம். அந்த ஒரு வார்த்தையப் பத்தி மட்டும் ஒரு மணி நேரம் வகுப்புல பேசியிருக்கேன்.

அப்ப நம்ம கலாச்சாரம் பொண்ணோட கோவத்த தடை பண்ணலையா? நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான்: தடை இல்ல, யாருக்காக வருதுங்கற கேள்விதான். புருஷனுக்காக வரலாம், புள்ளைக்காக வரலாம், குடும்ப மானத்துக்காக, ஊருக்காக, சாமிக்காக வரலாம். அவளுக்காக வரக்கூடாது.

கண்ணகிய எடுத்துக்கோங்க. மதுரைய எரிச்சாங்க, அத ரெண்டாயிரம் வருஷமா கொண்டாடறோம்னு சொல்லிக்கறோம். அதே கண்ணகி, கோவலன் மாதவி வீட்டுலயே தங்கிட்டப்போ என்ன செஞ்சாங்க? ஒரு வார்த்தை கடுமையா பேசல, அவன் காச எல்லாம் தொலைச்சுட்டு திரும்பி வந்தப்போ சிலம்ப எடுத்துக் குடுத்தாங்க. தனக்கு நடந்ததுக்கு அமைதி, புருஷனுக்கு நடந்ததுக்கு நெருப்பு. அந்த ரெண்டாவது பாதிக்குத்தான் சிலை.

திரௌபதி கொஞ்சம் வேற, அவளுக்கு நடந்த அவமானத்துக்காகவே கோவப்பட்டவ, கூந்தல முடிய மாட்டேன்னு சபதம் போட்டவ. வட மாவட்டங்கள்ல திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுல நாள் கணக்குல பாரதம் படிச்சு, தெருக்கூத்து ஆடி, கடைசியில களிமண்ணுல துரியோதனன பெருசா படுக்க வச்சு படுகளம் நடத்தி, அவன் தொடையிலேர்ந்து எடுத்த சிவப்புக் கரைசல தடவி கூந்தல் முடிவாங்க பாருங்க, பாத்திருந்தா மயிர்க்கூச்செறியும். ஆனா அங்கயும் அடிச்சது பீமன். திரௌபதி வேஷம் கட்டறதும் கூத்துல காலங்காலமா ஆம்பளைங்கதான்.

சாமி ஆடறதும் இதுல சேருமா?

என் சித்திய சொல்றேன். ஊர்லயே சத்தம் கம்மியான ஆளு, மாமியார் முன்னாடி நின்னு தண்ணி கூட குடிக்க மாட்டாங்க. ஆடி மாசம் உடுக்கை அடிச்சா அவங்க மேல அம்மன் எறங்கும். எனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது பக்கத்துலயே நின்னு பாத்தேன், முடி அவுந்து மூஞ்சியெல்லாம் மஞ்சள், மாமியார நேராப் பாத்து "ஏன்டி, என் புள்ளைய கஞ்சி இல்லாம போட்டியே"ன்னு கேட்டாங்க. டீ போட்டு. மாமியார் தரையில விழுந்து "தப்புதான் தாயே, மன்னிச்சுக்கோ"ன்னு அழுதுச்சு, சித்தப்பா கை ரெண்டும் கூப்பி நின்னாரு. திருநீறு வாங்கிட்டு எல்லாரும் கலைஞ்சு போயாச்சு. மறுநாள் காலையில சித்தி வழக்கம் போல முத ஆளா எந்திரிச்சு வாசத் தெளிச்சாங்க, முந்தின ராத்திரி பேசுனத யாரும் எடுக்கல. ஆனா அந்த வருஷம் முழுக்க சித்திக்கு தனியா ஒரு செம்பு பால் காய்ச்சி வச்சாங்க அந்த வீட்டுல. அது நடிப்புன்னு நான் சொல்ல மாட்டேன், சொல்றவங்க மேல எனக்கு வருத்தம்தான். அவங்க வாயில வராத சொல்லு அம்மன் வாயில வந்துச்சு.

மண்ணை வாரித் தூத்தி சாபம் விடறதும், ஒப்பாரியில பாட்டோட பாட்டா நாத்தனார் பண்ண கொடுமைய ஏத்திப் பாடறதும் இதே வழிதான்.

எல்லா வீட்டுலயும் ஒரே மாதிரிதானா?

கிடையவே கிடையாது, இத சொல்லாம கலாச்சாரம்னு பொதுவா பேசறது தப்பு. வயல்ல நடவு நடற, செங்கல் சூளையில வேலை பாக்கற, மீன் கூடை தூக்கற பொம்பளைங்க கூலிக்காக, கடன் வாங்குனவன்கிட்ட, மேஸ்திரிகிட்ட நேருக்கு நேர் நின்னு சத்தம் போட்டுத்தான் ஆகணும், இல்லைன்னா அன்னிக்கு அடுப்பு எரியாது. சென்னையில தண்ணி லாரி வர்ற தெருவுல குடத்த வரிசையில வச்சிட்டு காத்து நின்ன பொம்பளைக்கு தெரியும் குழாயடிச் சண்டைங்கறது கேலி பண்ற விஷயமில்ல, அன்னிக்கு ரெண்டு குடம் தண்ணியா ஒரு குடமாங்கற விஷயம். வீட்டுக்குள்ள குழாய் வர்றவங்களுக்கு அந்தச் சண்டை அசிங்கமா தெரியுது. அப்புறம் அதுக்கு ஜாதிப் பேர ஒட்டி, தெருப் பேர ஒட்டி "அவங்க அப்படித்தான், நம்ம வீட்டுப் பொண்ணு இப்படி பேசலாமா"ன்னு சொல்லி வளக்கறாங்க. மரியாதையான குடும்பம்ங்கற பேரு வீட்டுப் பொண்ணுங்களோட வாய மூடி வச்சு வாங்கற பேரா இருக்கு. அதே சமயம் சத்தமா சண்டை போடற வீட்டுப் பொம்பளைங்க அடி வாங்காம இருக்காங்கன்னும் சொல்ல முடியாது, ராத்திரி புருஷன் குடிச்சிட்டு வந்தா அங்கயும் அதே கதைதான்.

அந்த ஊக்கு கதைய எழுதுங்க மேம், வகுப்புல சொன்னது.

பதினொண்ணாவது படிக்க டவுன் பஸ்ல போக ஆரம்பிச்சப்போ எங்கம்மா தாலிச் சரட்டுல மாட்டியிருந்த ஊக்குல ஒண்ண கழட்டி என் தாவணி முந்தியில குத்தி விட்டாங்க. "எவனாவது ஒரசுனா சத்தம் போடாத, குத்திட்டு நகந்துரு." அவ்வளவுதான் பாடம். எங்கம்மாவுக்கு அவங்கம்மா சொன்னது, தமிழ்நாட்டுல பஸ் ஏறுன பாதிப் பொண்ணுங்களுக்கு யாரோ ஒருத்தர் சொன்னது.

நான் ரெண்டு தடவை குத்தியிருக்கேன். முதல் தடவை அந்தாளு கைய உதறிட்டு என்னைய மொறச்சான், நான் ஜன்னல பாத்துட்டு நின்னேன், எனக்குத்தான் வேர்த்துச்சு. பக்கத்துல நின்ன அக்கா ஒண்ணும் கேட்கல, லேசா தள்ளி என்னைய அவங்களுக்கும் கம்பிக்கும் நடுவுல இழுத்து விட்டுக்கிட்டாங்க. அவங்களுக்கு தெரிஞ்சிருக்கு.

ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் அந்த வாக்கியத்தோட ரெண்டு பாதியும் எனக்கு தனித்தனியா கேட்டுச்சு. குத்துங்கறதுக்கு அனுமதி இருக்கு, ரத்தமே வந்தாலும் பரவாயில்ல. சத்தத்துக்கு அனுமதி இல்ல. ஏன்னா சத்தம் போட்டா பஸ்ஸே திரும்பிப் பாக்கும், பாத்தா யாரு பொண்ணுன்னு கேட்கும், வீட்டுக்கு சேதி வரும், அப்பா படிப்ப நிறுத்துவாரு. அம்மா பயந்தது அந்தாளப் பாத்து இல்ல. படிப்பு போயிருமேன்னுதான் அந்தப் பாடம். அதனால அம்மா மேல எனக்கு கோவம் இல்ல, அவங்க கையில இருந்த ஆயுதம் அதுதான், அத குடுத்தாங்க.

புருஷன் அடிக்கறது தப்பில்லைன்னு பொண்ணுங்களே சொல்றாங்களா?

சொல்றாங்க. தேசிய குடும்ப நல ஆய்வு ஐந்தாவது சுற்று, 2019-21, சில காரணங்களுக்காக புருஷன் பொண்டாட்டிய அடிக்கறது சரியான்னு கேட்டப்போ, இந்தியா முழுக்க 45 சதவீதப் பெண்கள் ஏதாவது ஒரு காரணத்துக்காவது சரின்னாங்க. ஆண்கள் 44 சதவீதம். அதுக்கு முந்தின சுற்றுல பெண்கள் 52, ஆண்கள் 42, அதாவது பொம்பளைங்கதான் ஆம்பளைங்கள விட பத்து சதவீதம் ஜாஸ்தி சரின்னு சொல்லியிருக்காங்க. மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசத்த பாத்தா தலை சுத்தும், தெலங்கானாவுல 84 சதவீதம், இமாச்சலப் பிரதேசத்துல 15. ஒரே நாடு, ஒரே கேள்வி. தெற்குல படிப்பு ஜாஸ்தி வேலை ஜாஸ்திங்கறோமே, அந்தப் பெருமை இந்தக் கணக்குல எடுபடல.

அதிகம் பேரு ஒத்துக்கிட்ட காரணம் எது தெரியுமா, மாமனார் மாமியார மதிக்கலைன்னா. சமையல் சரியில்லைங்கறது கூட அதுக்கு ரொம்பப் பின்னாடி. ஏன்னு யோசிச்சுப் பாத்தேன், மதிக்கலைன்னா என்ன அர்த்தம், பெரும்பாலும் எதித்துப் பேசுனா, அவளுக்காக அவ வாயத் தொறந்தா. அதுக்கு அடி சரின்னு அவளே சொல்றா. "அடிக்கிற கைதான் அணைக்கும்"னு கேட்டு கேட்டு வளந்த காதுக்கு அடிங்கறது அக்கறையோட ஒரு வடிவமா பதிஞ்சிருது. என் வகுப்புல ஒரு பொண்ணு, லவ் பண்ற பையன் அறைஞ்சதப் பத்தி சொல்லும்போது "பாசம் இல்லைன்னா அவனுக்கு ஏன் மேம் கோவம் வரப்போகுது"ன்னு கேட்டா. பத்தொன்பது வயசு, கன்னத்துல கை வச்சிட்டே கேட்டா. அந்தக் கேள்விக்கு அன்னிக்கு என்னால உடனே பதில் சொல்ல முடியல, பக்கத்துல உக்காந்தேன்.

ஹாஸ்டல்ல என்னைய மட்டும் ஒதுக்கறாங்க, குரூப்லேர்ந்து எடுத்துட்டாங்க. இதுவும் வன்முறையா?

ஆமா. வலிக்குதுல்ல, அப்புறம் என்ன சந்தேகம். பொண்ணுங்க இந்த வழிய எடுக்கறதுக்கு காரணம் குணம் இல்ல, விலை. நேரா போயி "நீ என்னைய பத்தி இப்படி சொன்னியா"ன்னு கேட்டா சண்டைக்காரி, பஜாரின்னு பேரு வரும், வார்டன் வீட்டுக்கு போன் போடுவாங்க. வாட்ஸ்ஆப் குரூப்லேர்ந்து தூக்குனா யாருக்கும் தெரியாது, யாரும் கேட்க மாட்டாங்க. வாசல அடச்ச வீட்டுல தண்ணி சன்னல் வழியாத்தான் போகும். செஞ்ச பிள்ளைங்கள நான் நியாயப்படுத்தல, ஆனா அவங்கள பாம்பு தேளுன்னு பேசறத விட அந்த நேர் கேள்விய கேட்க விடறது உதவும். நீ அதுல ஒருத்திகிட்ட மட்டும் போயி, தனியா, நேரா கேளு. அவகிட்டயே பயம் இருக்கும்.

சினிமாவும் ரீல்ஸும் பாத்துதான் இப்ப பொண்ணுங்க இப்படி ஆயிட்டாங்களா?

பஸ் ஸ்டாண்டுல ரெண்டு ஸ்கூல் பொண்ணுங்க முடியப் புடிச்சு சண்டை போட்ட வீடியோ வந்தா "பொம்பளைப் புள்ளைங்களா இதுங்க"ன்னு ஆயிரம் கமென்ட். ரூட்டு தலைன்னு, அதாவது ஒரு பஸ் ரூட்டுக்கே தலைவன்னு சொல்லிக்கிட்டு, பஸ் மேல ஏறி பட்டாக்கத்தியோட சுத்துன காலேஜ் பசங்களுக்கு "ஆம்பளைப் புள்ளைங்களா"ன்னு யாரும் கேட்டு நான் பாக்கல. முன்னாடியும் சண்டை இருந்துச்சு, கையில போன் இல்ல.

ஈழத்துல பொண்ணுங்க துப்பாக்கியே தூக்குனாங்களே, அங்கயும் இதே கலாச்சாரம்தானே?

அதே கலாச்சாரம்தான், அதனாலதான் அத கண்டிப்பா பேசணும். எண்பதுகள் வரைக்கும் யாழ்ப்பாணத்துல சைக்கிள்ல தனியா போற பொண்ண பத்தியே பேச்சு வரும். அதுக்கப்புறம் கொஞ்ச வருஷத்துலயே பெண்கள் படையணி வந்துச்சு, 1987 அக்டோபர் 10-ஆம் தேதி கோப்பாய்ல இந்தியப் படையோட நடந்த சண்டையில செத்த மாலதிதான் புலிகள் தரப்புல களத்துல விழுந்த முதல் பெண், பின்னாடி அவங்க பேருல ஒரு படையணியே இருந்துச்சு. போர் சரியா தப்பா, யாரு யாரு எப்படி சேக்கப்பட்டாங்கங்கறது பெரிய விஷயம், கட்டாயத்துல போன சின்னப் பிள்ளைங்களும் உண்டு, அத இங்க சுருக்கிட முடியாது. நான் சொல்ல வர்றது பொண்ணோட ஆக்ரோஷத்த சமூகம் எவ்வளவு வேகமா ஏத்துக்குது, எவ்வளவு வேகமா கை விடுதுங்கறது. இனத்துக்காகன்னு இருந்த வரைக்கும் பெருமை. 2009-க்கு அப்புறம் முகாம்லேர்ந்து திரும்பி வந்த பொண்ணுங்களுக்கு கல்யாணம் பேச வர்றவங்க தயங்குனாங்க, கட்டையா வெட்டுன முடியே அடையாளமாயி வேலை கெடைக்கல, இயக்கத்துல இருந்தவ அடங்கி குடும்பம் நடத்துவாளான்னு கேட்டாங்க. கோவத்துக்கு ஒரு காரணம் வெளியில இருந்த வரைக்கும் அது வீரம், காரணம் போனதும் அவளோட குணக்கேடு.

கூட்டமா சேந்தா மட்டும் பொம்பளைங்க கோவத்த ஒத்துக்கறாங்களே, ஏன்?

குடும்பத்துக்காகன்னு சொல்ல முடியறதால. 1992-ல ஆந்திராவுல நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவுல, அறிவொளி வகுப்புல எழுத்துக் கூட்டிப் படிச்ச பொம்பளைங்க சாராயக் கடைக்கு எதிரா கிளம்பி, சாராயம் வித்தவன விரட்டி, ஏலத்தையே நடக்க விடாம பண்ணி, 1995 ஜனவரியில மாநிலம் முழுக்க மதுவிலக்கு வர்ற வரைக்கும் அது போச்சு. உத்தரப் பிரதேசத்துல பாந்தாவுல சம்பத் பால் ஆரம்பிச்ச குலாபி கேங், ரோஸ் கலர் புடவையும் கையில கம்பும், பொண்டாட்டிய அடிக்கற புருஷன் வீட்டு வாசல்லயே போயி நின்னாங்க. இது ரெண்டுலயும் பொம்பளைங்க தன் வலியத்தான் பேசுனாங்க, ஆனா கூட்டமா நின்னப்பதான் அத பேச முடிஞ்சுது, தனியா இருந்தா அவ ராங்கி.

கூட்டமா நின்னாலும் பாதுகாப்புன்னு இல்ல. 2017 ஏப்ரல்ல திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்துல டாஸ்மாக் கடை வேண்டாம்னு போராடுன ஒரு அம்மாவ போலீஸ் அதிகாரி கன்னத்துல அறைஞ்சாரு, வீடியோ ஊரெல்லாம் போச்சு. வகுப்புல அத போட்டுக் காட்டுனப்போ நெறைய பிள்ளைங்க கொதிச்சாங்க. பின் வரிசையிலேர்ந்து ஒருத்தி மெதுவா கேட்டா, "அவங்க எதுக்கு மேம் முன்னாடி போயி நின்னாங்க?" கொதிச்சதும் கேட்டதும் ஒரே வகுப்பு, ஒரே வயசு.

அப்ப பொண்ணுங்களும் அடிக்கலாம்ங்கறீங்களா?

இல்ல. யாரும் யாரையும் அடிக்கக் கூடாதுங்கறதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. அதோட ஒண்ணு, தனக்குன்னு கோவப்பட விடாம வளத்த பொம்பளை அடிக்கவே இல்லைன்னு நினைக்காதீங்க, அவ அடிக்கறது கைக்கு எட்டற ஆளத்தான், அது பெரும்பாலும் புள்ளை. மாமியார் பேசுனதுக்கு புள்ளை முதுகுல விழற அடி இருக்கே, அத ஒரு தடவையாவது வாங்காத ஆளு நம்ம ஊர்ல கம்மி. நான் கேட்கறது, வேண்டாம்னு சொல்றதுக்கும் சத்தம் போடறதுக்கும் உள்ள இடம். பாரதியார் "ரௌத்திரம் பழகு"ன்னு எழுதுனதுல எனக்கு ரொம்பப் புடிச்சது "பழகு"ங்கற சொல்லுதான். பழகணும், தானா வராது, அளவும் பழகுனாத்தான் வரும்.

தன் உடம்புக்கு ஆபத்து வரும்போது தடுக்கறது வேற கணக்கு. தற்காப்பு உரிமை சட்டத்துலயே இருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவுல 34-லேர்ந்து 44 வரைக்கும் உள்ள பிரிவுகள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒண்ணுதான், ஆபத்துக்குத் தேவையான அளவுக்கு மேல போகக்கூடாது. வீட்டுக்குள்ள அடின்னா 2005-ஆம் வருஷத்து குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கு, 181-க்கு போன் பண்ணலாம், உடனடி ஆபத்துன்னா 112. நம்பர ஃபோன்ல வேற பேர் போட்டு சேவ் பண்ணி வச்சுக்கோங்க, போனை எடுத்துப் பாக்கற ஆளு வீட்டுல இருந்தா.

என் தங்கச்சி இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறா, என்ன பண்ண?

ஒரு அண்ணன் கேட்டது. தம்பி, அவ எதுக்கு கத்துறான்னு ஒரு வாரம் எழுதி வச்சுப் பாருங்க, என்ன கத்துனா எப்படி கத்துனான்னு வேண்டாம், எதுக்குன்னு மட்டும். அவரு எழுதிட்டு வந்து காட்டுனாரு. தட்டு கழுவறது, அவ ரூம்ல கதவு தட்டாம நுழையறது, ட்யூஷன் ஃபீஸ் இவருக்கு மட்டும் கட்டுனது, மறுபடி தட்டு. அந்தப் பேப்பர அவரே ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தாரு.

உங்க பொண்ணுக்கும் ஊக்கு குடுத்து அனுப்பறீங்களா மேம்?

அனுப்பறேன். ஒன்பதாவது படிக்கறா, ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் மாறிப் போறா. ஜூன்ல ஸ்கூல் தொறக்கறதுக்கு முந்தின வாரம் சுடிதார் ஷால்ல நானே குத்தி விட்டேன், எங்கம்மா சொன்னதுல ஒரு பாதிய மட்டும் மாத்தி, "குத்து, குத்திட்டு கத்து"ன்னு சொன்னேன். எப்படிம்மா கத்தறதுன்னு கேட்டா. வா மாடிக்குன்னு கூட்டிட்டுப் போனேன். "கைய எடுடா"ன்னு சொல்லச் சொன்னேன், முதல்ல கேள்வி கேட்கற மாதிரி வந்துச்சு, அடுத்து சிரிப்பு, அதுக்கடுத்து குரலே வரல, கண்ணுல தண்ணி நின்னுச்சு. நானும் கத்திக் காட்டலாம்னு பாத்தா எனக்கும் தொண்டையில தான் நிக்குது, இத்தன வருஷம் பாடம் எடுத்தும். தினம் சாயங்காலம் போனோம். மூணாவது நாள் நல்லா வந்துச்சு, தெருவுல போன சைக்கிள்காரர் நின்னு மேல பாத்தாரு. பக்கத்து வீட்டு அக்கா பதறி மாடிக்கு வந்து என்ன சத்தம்னு கேட்டாங்க, சொன்னேன். கொடியில காஞ்ச துணிய எடுத்துக்கிட்டே எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு, எங்கம்மாவும் ஊக்குதான் குடுத்தாங்கன்னு சொல்லிட்டு கீழ இறங்கிப் போனாங்க.